பாதிரி எந்த மரம்? தல மரங்களுக்கு ஓர் எளிய அறிமுகம்

கடலூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. பெயர்ப் பலகையில் 'திருப்பாதிரிப்புலியூர்' என்று எழுதியிருக்கும். பேச்சில் யாரும் அவ்வளவு நீளமாகச் சொல்வதில்லை. ஆட்டோக்காரருக்கும் பூ விற்கும் ஆயாவுக்கும் அது 'திருப்பாப்புலியூர்'. சொல்லிச் சொல்லித் தேய்ந்ததில் நடுவிலிருந்த மரம் காணாமல் போய்விட்டது.

ஒருமுறை ஒன்பதாம் வகுப்பில் இந்தப் பெயரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்தான். "சார், பாதிரின்னா சர்ச்சுல இருக்கிற பாதிரியாரா?" அவன் கேட்டதில் தவறே இல்லை. இன்று நமக்குத் தெரிந்த பாதிரி அவர் ஒருவர்தான். அந்தச் சொல் போர்த்துக்கீசியரோடு வந்தது. ஊரின் பெயரோ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய தேவாரத்திலேயே இருக்கிறது. அது ஒரு மரத்தின் பெயர் என்றேன். "எப்படி சார் இருக்கும் அந்த மரம்?" என்றான் அடுத்து. அந்தக் கேள்விக்கு வகுப்பில் இருந்த ஐம்பது பேரிடமும் பதில் இல்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த என்னிடமும் அன்று இல்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கியது.

சிவன் கோயிலுக்குப் போகிறவர்கள் மூர்த்தி, தலம், தீர்த்தம் என்ற மூன்று சொற்களை அடிக்கடி கேட்டிருப்பார்கள். சாமி, ஊர், குளம். இவற்றோடு சேர்த்து எண்ணப்படுவது மரம். அந்தத் தலத்துக்கே உரியது என்று கருதி வழிபடும் மரம்தான் தல மரம். கோயில் பலகையில் 'தல விருட்சம்' என்று எழுதியிருப்பார்கள். பெருமாள் கோயில்களிலும் உண்டு. தலபுராணங்களில் கதை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும். முன்னொரு காலத்தில் இந்த இடம் இன்ன மரங்கள் அடர்ந்த காடாக இருந்தது, அந்த மரத்தடியில் இறைவன் வெளிப்பட்டான், பிறகு கோயில் எழுந்தது. தில்லைவனம், பாதிரிவனம், வில்வவனம் என்று வரும் பெயர்கள் எல்லாம் இந்த வகை. புராணத்தை நம்புகிறவரும் நம்பாதவரும் அதில் ஒன்றைக் கவனிக்கலாம். கோயிலுக்கு முன்பே அங்கே மரம் இருந்தது என்று அந்தக் கதையே ஒப்புக்கொள்கிறது.

கோயிலுக்குள் நிற்கும் மரமெல்லாம் தல மரம் ஆகாது. குளக்கரையில் அரசும் வேம்பும் பின்னி நிற்க, அடியில் நாகர் சிலைகள் இருக்கும் மேடையை எல்லா ஊரிலும் பார்க்கலாம். அது வேறு வழிபாடு. பூசைக்குப் பூ கொடுக்க வளர்க்கும் தோட்டம் நந்தவனம். இப்போது பல இடங்களில் நட்சத்திர வனம் என்று 27 மரங்களை வரிசையாக நடுகிறார்கள். மரம் நடுவது நல்லதுதான், ஆனால் அந்த 27 மரங்களும் எந்த ஊரில் நட்டாலும் ஒன்றே. தல மரம் அப்படியில்லை, ஊருக்கு ஊர் மாறும். நாகலிங்க மரத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பாம்புப் படத்தின் கீழ் லிங்கம் இருப்பது போன்ற பூ என்பதால் சிவன் கோயில்களில் அதற்குப் பெரிய மதிப்பு. அந்த மரத்தின் சொந்த ஊரோ தென் அமெரிக்கா. பூவின் உருவம் மனத்தைத் தொட்டதும் நம் மக்கள் அதை உள்ளே அழைத்துக்கொண்டார்கள். அழகான செயல்தான், ஆனால் அந்த மரத்தால் நம் நிலத்தின் பழைய கதையைச் சொல்ல முடியாது.

பழைய கதையைச் சொல்வது என்றால் என்ன? தமிழில் நிலத்துக்கே செடி கொடியின் பெயர்தான். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எல்லாம் தாவரப் பெயர்கள். மலை என்று சொல்லாமல் அங்கே பூக்கும் குறிஞ்சியைச் சொன்னார்கள், வயல்வெளி என்று சொல்லாமல் ஆற்றங்கரையில் நிற்கும் மருதத்தைச் சொன்னார்கள். எந்த மண்ணில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, எவ்வளவு உப்பு இருக்கிறது, எவ்வளவு வெயில் விழுகிறது என்பதையெல்லாம் சேர்த்துத்தான் ஒரு செடி ஓரிடத்தில் முளைக்கிறது. அதனால் செடியின் பெயரைச் சொன்னால் நிலத்தின் தன்மையையே சொன்னதாகிவிடும். இன்று சூழலியல் படிப்பவர்கள் 'சுட்டுத் தாவரம்' என்று சொல்வது ஏறக்குறைய இதைத்தான். தல மரத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம் என்பதே நான் சொல்ல வருவது. அது ஊரின் பழைய நிலத்தைப் பற்றிய ஒரு குறிப்பு. பெயராகவும் உயிராகவும் எழுதி வைத்த குறிப்பு.

சரி, பாதிரிக்கு வருவோம்.

வீட்டு வாசலில் மரமல்லி வளர்ப்பவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். நீண்ட குழாய் போன்ற வெள்ளைப் பூ, காலையில் தரை முழுக்கக் கொட்டிக் கிடக்கும். பாதிரியும் அதே குடும்பம். தாவரவியலில் அதன் பேரினப் பெயர் ஸ்டீரியோஸ்பெர்மம். காம்பின் இருபுறமும் சிற்றிலைகள் வரிசையாக அமைந்த கூட்டிலை, குழாயாக வந்து நுனியில் விரியும் மணமுள்ள பூ, நீண்டு தொங்கும் காய், உள்ளே இறகு வைத்த விதை. செம்பாதிரி, வெண்பாதிரி என்று நிறத்தை வைத்துப் பிரித்துச் சொல்வது மரபு. வடமொழியில் இதற்குப் பாடலி என்று பெயர். திருப்பாதிரிப்புலியூர்ச் சாமிக்குப் பாடலீசுவரர் என்று பெயர் வந்தது அதனால்தான். கங்கைக் கரையில் இருந்த பழைய தலைநகரமான பாடலிபுத்திரத்தின் பெயரிலும் இதே மரம்தான் இருக்கிறது.

நம் ஊருக்கும் ஒரு காலத்தில் பாடலிபுத்திரம் என்ற பெயர் இருந்திருக்கிறது. அப்பர் சைவத்துக்குத் திரும்புவதற்கு முன் தருமசேனராக இருந்த சமணப் பள்ளி அந்தப் பாடலிபுத்திரத்தில் இருந்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. லோகவிபாகம் என்ற சமண நூல் கி.பி. 458இல் பாடலிகா என்ற ஊரில் எழுதி முடிக்கப்பட்டது. அந்தப் பாடலிகா இதுதான் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். பிறகு அதே அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் போட்டார்கள் என்றும், கல்லே தெப்பமாகி அவர் இந்த ஊர்ப் பக்கம் கரையேறினார் என்றும் கதை. கரையேறவிட்டகுப்பம் என்று இன்றும் ஓர் இடம் இருக்கிறது. சமணர்களும் அந்த மரத்தின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள், சைவர்களும் அதையேதான் வைத்தார்கள். சமயம் மாறியபோதும் மரத்தின் பெயர் மாறவில்லை. எனக்கு இது சாதாரண விஷயமாகத் தோன்றவில்லை.

அம்பிகை இங்கே பாதிரி மரத்தடியில் தவம் செய்தாள் என்பது தலபுராணம். அதை எல்லாரும் சொல்வார்கள். குறுந்தொகையில் இந்தப் பூவைப் பற்றி ஒரு வரி இருக்கிறது, அதைச் சொல்பவர்கள் குறைவு. 147ஆம் பாட்டு, 'வேனிற் பாதிரிக் கூன்மலர் அன்ன' என்று தொடங்கும். எழுதியவர் கோப்பெருஞ்சோழன். காதலியின் மேனியில் ஓடும் மெல்லிய மயிரை, வேனிலில் பூக்கும் பாதிரியின் வளைந்த பூவோடு ஒப்பிடுகிறார். பாதிரிப் பூவைக் கையில் எடுத்துப் பார்த்தவருக்கு அந்த உவமை உடனே பிடிபடும். இதழில் பட்டு போல நுண்ணிய மயிர் இருக்கும். இந்த ஓர் உவமைக்குள் மூன்று தாவரவியல் செய்திகள் இருக்கின்றன. பூக்கும் பருவம் வேனில், பூவின் வடிவம் வளைவு, இதழின் மேற்பரப்பு மயிர் கொண்டது. ஒரு தாவரவியல் மாணவர் களக்குறிப்பில் எழுதுவதும் இதைத்தான். அரசர் அதை ஒரு கனவைப் பற்றிய கவிதையில் எழுதினார். கலையும் அறிவியலும் வெவ்வேறு அறையில் இருப்பவை என்று பள்ளியில் நமக்குப் பழக்கிவிடுகிறார்கள். உற்றுப் பார்ப்பதில்தான் இரண்டுமே தொடங்குகின்றன.

பாதிரி ஏன் கண்ணில் படுவதில்லை? அதன் வேர் தசமூலம் என்ற பத்து வேர் மருந்தில் ஒன்று. இலையையோ காயையோ பறித்தால் மரம் பிழைக்கும், வேரைத் தோண்டினால் எப்படிப் பிழைக்கும்? காட்டில் தோண்டிக்கொண்டே இருந்தார்கள். இன்னொரு காரணம் எளியது. நிழலுக்கும் மரத்துண்டுக்கும் நாம் நடும் பட்டியலில் அதன் பெயர் இல்லை.

அடுத்து தில்லை. தமிழ் தெரிந்தவர் எல்லாருக்கும் தில்லை என்றால் சிதம்பரம், நடராசர், ஆனித் திருமஞ்சனம், மார்கழித் தேர். தில்லை என்பது ஒரு மரம், அதுவும் கடலோரச் சேற்றில் வளரும் மரம் என்று சொன்னால் பலர் வியக்கிறார்கள். சிதம்பரத்துக்குக் கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் போனால் பிச்சாவரம். வெள்ளாற்று முகத்துக்கும் கொள்ளிட முகத்துக்கும் இடையே ஏறத்தாழ 1,100 ஹெக்டேரில் பரந்த அலையாத்திக் காடு. சுரபுன்னைக் காடு என்றும் சொல்வார்கள். அங்கே சுரபுன்னை, வெண்கண்டல் இவற்றோடு தில்லையும் நிற்கிறது.

படகில் போகும்போது ஒரு கிளை முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தது. ஒதுக்கலாம் என்று கையை நீட்டினேன். படகுக்காரர் அதட்டியே விட்டார். "கைய உள்ள வைங்க சார்! அது தில்லை. பால் கண்ணுல பட்டா பார்வை போயிடும்." அவர் சொன்னதைத்தான் தாவரவியலும் சொல்கிறது. இதன் அறிவியல் பெயர் எக்ஸ்கோகேரியா அகலோச்சா. முதல் சொல்லுக்கு லத்தீனில் 'குருடாக்குவது' என்று பொருள். ஆமணக்குக் குடும்பத்து மரம், கிள்ளினால் வெள்ளைப் பால் வரும், அந்தப் பால் கண்ணையும் தோலையும் புண்ணாக்கும். இரண்டாம் சொல் இன்னும் சுவையானது. 'அகலோச்சா' என்பது அகில் கட்டைக்கு மேற்கில் வழங்கிய பழைய பெயரிலிருந்து வந்தது. மணக்கும் அகில் இந்த மரத்திலிருந்துதான் கிடைக்கிறது என்று அந்தக் காலத்தில் தவறாக எண்ணிவிட்டார்கள். தவறு என்று தெரிந்த பிறகும் பெயர் நின்றுவிட்டது.

இந்த இடத்தில் அறிவியல் பெயர் எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் பேச்சில் 'பாலை' என்று ஒரு சொல் இருக்கிறது. உலக்கைப்பாலை, வெட்பாலை, ஏழிலைப்பாலை எல்லாம் அதில் அடங்கும், ஆனால் மூன்றும் வெவ்வேறு மரங்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறும்போது இரண்டு ஊர்க்காரர்கள் பேசுவது ஒரே மரம்தானா என்று எப்படித் தெரியும்? அதற்காக 1753இல் சுவீடன் நாட்டு லின்னேயஸ் இரண்டு சொல் பெயர் முறையை நிலைநிறுத்தினார். முதல் சொல் பேரினம், இரண்டாவது சொல் சிற்றினம். தந்தை பெயரின் முதலெழுத்தும் நம் பெயரும் சேர்வது போல என்று வைத்துக்கொள்ளலாம். நாட்டுப் பெயரை இது தள்ளிவைப்பதில்லை, அதற்குத் துணையாக நிற்கிறது.

தில்லையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் மரத்தில் மஞ்சள் சாயலுள்ள பூங்கதிர்கள் சரம் சரமாக நீண்டிருக்கும், பெண் மரத்தில் மட்டுமே காய் பிடிக்கும். உதிர்வதற்கு முன் இலை ஆரஞ்சும் சிவப்புமாக மாறும். பச்சைக் காட்டுக்கு நடுவே அங்கங்கே தீ பிடித்தது போல் தெரியும். சுரபுன்னைக்கு இருப்பது போல் தாங்கு வேரும் இல்லை, வெண்கண்டலுக்கு இருப்பது போல் சேற்றிலிருந்து குத்தி நிற்கும் மூச்சு வேரும் இல்லை. வேர்கள் தரையோடு தரையாகப் பின்னி ஓடும். அதனால் ஆழச் சேற்றின் நடுவில் இதற்கு இடமில்லை. பெரும்பாலும் காட்டின் நிலப்பக்க ஓரத்தில், கடல்நீர் எப்போதாவது வந்து நனைத்துவிட்டுப் போகும் மேட்டில் நிற்கும்.

இப்போது சிதம்பரத்தை யோசித்துப் பாருங்கள். ஒரு காலத்தில் அது தில்லைவனம் என்றால், உப்பங்கழியின் விளிம்பு அந்தப் பக்கம்வரை இருந்திருக்க வேண்டும். ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் வண்டலால் கழிமுக நிலம் கடலை நோக்கி வளர்வது புவியியலில் தெரிந்த செய்தி. கோயிலின் பெயரே அந்தப் பழைய கரையோரத்தைக் காட்டுகிறது என்று எண்ண நல்ல இடம் இருக்கிறது. சங்கப் புலவர்களுக்கும் தில்லை எங்கே நிற்கும் என்று தெளிவாகத் தெரிந்திருந்தது. நற்றிணை 195ஆம் பாட்டில் உப்பங்கழியில் கொழுத்த மீனைத் தின்ற நீர்நாய்க் குட்டி, தில்லைப் புதருக்குள் போய்ப் படுத்துத் தூங்குகிறது. அந்த மரத்தை நெய்தல் நிலத்துக்கு வெளியே அந்தப் புலவர் கொண்டுபோகவில்லை.

பிச்சாவரத்தைப் பற்றி இன்னொன்று. வெள்ளைக்காரர் காலத்தில் விறகுக்கும் கட்டைக்கும் அலையாத்திக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்தார்கள். நிழல் போனதும் வெயிலில் சேற்று மண் காய்ந்து அமிழ்ந்து பள்ளமானது. உள்ளே வந்த அலைநீர் திரும்பிப் போகாமல் தேங்கி வற்றியது, உப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது. உப்பில் வாழப் பழகிய மரங்களே தாங்காத அளவுக்கு ஏறிவிட்டது. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், வனத்துறை, ஊர் மக்கள் சேர்ந்து மீன் முள் வடிவத்தில் வாய்க்கால்களை வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளைகள். அலைநீர் வந்து போக வழி கிடைத்ததும் உப்பு இறங்கியது, நட்ட கன்று பிடித்தது. மரம் நடுவது என்றால் குழி தோண்டிக் கன்றை வைப்பது என்றே நினைக்கிறோம். அங்கே முதலில் சரிசெய்ய வேண்டியிருந்தது தண்ணீரின் வழி.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது இந்த மாவட்டம் பட்ட துயரத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. கடலூர் மாவட்டக் கரையோரத்தை எடுத்துக்கொண்டு 2005இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. அடர்ந்த மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று அது காட்டியது. தல மரம் நிற்கும் காடு ஊரைக் காத்தது என்று இதைச் சொன்னால் மிகையாகாது.

பிச்சாவரத்தில் சுரபுன்னையின் இரண்டு இனங்கள் தாமாகக் கலந்து பிறந்த ஒரு கலப்பு மரமும் உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வில் கண்டறியப்பட்டதால் அதன் அறிவியல் பெயரில் 'அண்ணாமலையானா' என்று சேர்த்திருக்கிறார்கள். ஊருக்கு மரம் பெயர் கொடுத்த இடத்திலேயே மரத்துக்கு ஊர் பெயர் கொடுத்திருக்கிறது.

விருத்தாசலத்துக்கு, பழைய பெயரில் திருமுதுகுன்றத்துக்கு, வன்னி. கடலோரத்தை விட்டு மேற்கே போகப் போக மண் காய்கிறது, மரமும் மாறுகிறது. வன்னி வறட்சியின் மரம். ராஜஸ்தான் பாலைவனத்தில் கேஜ்ரி என்று அழைக்கப்பட்டு அந்த மாநிலத்தின் மரமாக இருப்பதும் இதுவே. சிறு முள், நுண்ணிய இலை, மிக ஆழமாகப் போகும் வேர். கோயில் கட்டிய வேலையாட்களுக்கு விபசித்து முனிவர் கூலியாக வன்னி இலையைக் கொடுத்தார், மணிமுத்தாற்றங்கரையில் அது அவரவர் உழைப்புக்குத் தகுந்த அளவு பொன்னாக மாறியது என்பது இங்கே எல்லாரும் சொல்லும் கதை. உழவர்களைக் கேட்டால் வேறு ஒரு பொன்னைச் சொல்வார்கள். அவரைக் குடும்பத்து மரமான வன்னி காற்றிலுள்ள நைட்ரஜனை வேர் முடிச்சுகளில் இருக்கும் நுண்ணுயிர்களின் துணையால் மண்ணில் சேர்க்கிறது. அதன் அடியில் உள்ள மண் சுற்றியுள்ள மண்ணைவிட வளமாக இருக்கும், இலையும் காயும் ஆடு மாடுகளுக்குத் தீனி. கடலூர் மாவட்டம் முழுக்கப் பரவிக் கிடக்கும் சீமைக் கருவேலம் இதற்கு நெருங்கிய உறவு. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. சீமைக் கருவேலத்தைப் பார்த்த உடனே சொல்லிவிடும் பிள்ளைகளுக்கு வன்னியை யாராவது ஒருமுறை பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும், பிறகு மறக்க மாட்டார்கள்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். பண்ருட்டிக்குப் பக்கத்தில் திருவதிகையில் சரக்கொன்றை. சித்திரையில் இலையே தெரியாமல் மஞ்சள் சரம் தொங்கும், அதனால் அடையாளம் காண இதைவிட எளிய மரம் இல்லை. புதுச்சேரி வில்லியனூருக்கு வில்வ மரங்களால் வில்வநல்லூர் என்று பெயர் இருந்து அதுவே வில்லியனூர் ஆனது என்று ஊரில் சொல்வார்கள். நெல்லிக்குப்பத்துக்கு விளக்கம் தேவையில்லை.

சிதம்பரத்துக்குப் பெரும்பற்றப்புலியூர் என்றும் ஒரு பெயர். கடலூரிலோ பாதிரிப்புலியூர். இரண்டிலும் புலி எப்படி வந்தது? வியாக்கிரபாதர் என்ற முனிவர் பூசைக்குப் பூப் பறிப்பவர். பொழுது விடிந்தால் வண்டு பூவைத் தொட்டுவிடும் என்று இருட்டிலேயே மரம் ஏறுவார். பனியில் கால் வழுக்குகிறது, இருட்டில் கண் தெரியவில்லை. இறைவனிடம் கேட்டுப் புலியின் காலும் கூரிய பார்வையும் வாங்கிக்கொண்டார். இந்த ஊர்களின் பெயரில் பாதி, வண்டு தொடாத பூவைத் தேடியவரின் பெயர். இதில் ஒரு கூர்மையான கவனிப்பு இருக்கிறது. பல பூக்களில் மகரந்தம் சேர்ந்ததுமே எத்திலீன் என்ற வாயு சுரந்து இதழ் வாடத் தொடங்குகிறது. வண்டு வந்துபோன பூ சீக்கிரம் வாடும் என்பதைத் தினமும் மாலை கட்டியவர்கள்தான் முதலில் கண்டிருப்பார்கள். திருவதிகையில் அப்பரின் அக்கா திலகவதியார் செய்த தொண்டும் அதுதானே, கோயிலைப் பெருக்கி மெழுகிப் பூக் கொய்து மாலை கட்டுவது. நடராசரின் செப்புத் திருமேனியைப் பார்க்கும்போது சடையைக் கவனியுங்கள். அங்கே ஊமத்தம்பூ ஒன்று இருக்கும். குப்பைமேட்டில் வளரும் நச்சுச் செடியின் பூவை உருக்கி வார்த்த உலோகத்தில் இதழ் மடிப்போடு செய்துவைத்த சோழர் காலத்துச் சிற்பியும் அந்தப் பூவை உற்றுப் பார்த்தவர்தான்.

ஒற்றை மரமாக இல்லாமல் காடாகவே காத்த இடங்களும் நம் பக்கத்தில் உண்டு. கடலூர் மாவட்டத்தில் குழந்தைக்குப்பம், அரசடிக்குப்பம், திருமாணிக்குழி, புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் புத்துப்பட்டு ஐயனார் கோயில். இவை கோயில் காடுகள். சாமி காடு, அங்கே கத்தி வைக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டால் தப்பியவை. சோழமண்டலக் கரைக்கு உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சங்கள் இவை. வறண்ட கரையில் இருந்தும் ஆண்டு முழுவதும் பச்சையாக இருக்கும் காடு என்பதால் அந்தப் பெயர். புத்துப்பட்டில் நீலப் பூ பூக்கும் காயா மரங்களைப் பார்க்கலாம். திருமாலின் நிறத்துக்குப் புலவர்கள் சொன்ன காயாம்பூ அதுதான். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தினர் இந்தக் காடுகளில் மரம் மரமாக அளந்து கணக்கெடுத்திருக்கிறார்கள். ஆரோவில்லில் செம்மண் பொட்டலாகக் கிடந்த நிலத்தை மீண்டும் காடாக்கியபோது, எந்த மரத்தை நடுவது என்ற கேள்விக்கு விடையும் விதையும் இப்படிப்பட்ட கோயில் காடுகளிலிருந்து கிடைத்தன.

புதுச்சேரியில் பழைய பேருந்து நிலையத்துக்கு அருகே இருக்கும் தாவரவியல் பூங்கா வேறு வகை. 1826இல் பிரெஞ்சுக்காரர்கள் உண்டாக்கியது. பின்னால் பெரோத்தே என்ற தாவரவியலாளர் அதை வளர்த்தார், 1870இல் புதுச்சேரியிலேயே இறந்தார். பல நாட்டுச் செடிகளைக் கொண்டுவந்து இந்த மண்ணில் வருமா, வணிகத்துக்கு உதவுமா என்று பார்ப்பது அந்த மாதிரிப் பூங்காக்களின் வேலை. தல மரம் ஓரிடத்தில் ஏற்கெனவே இருந்ததைக் காப்பது, பூங்கா எங்கிருந்தெல்லாமோ சேர்ப்பது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் வேறுபாடு நன்றாகப் புரியும். அதே ஊரில் அரவிந்தர் ஆசிரமத்தின் அன்னை நூற்றுக்கணக்கான பூக்களுக்கு ஒரு குணத்தைப் பெயராக வைத்தார். பாதிரியின் உறவான மரமல்லிக்கு அவர் வைத்த பெயர் 'உருமாற்றம்'.

இன்னும் ஓர் இடம், பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். 1955இல் தொடங்கியது. அங்கே அழுத்தி உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டி, எங்கே, எந்த நாளில், யார் பறித்தது என்று குறித்து ஆயிரக்கணக்கில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். இதற்கு உலர்தாவரத் தொகுப்பு என்று பெயர். ஒரு மரம் அழிந்தாலும் அது இருந்ததற்கான சான்று அங்கே இருக்கும். அதைவிட நுட்பமானது மகரந்தத் தொகுப்பு. மகரந்தத் தூளின் வெளியுறை மிக உறுதியானது, சேற்றில் புதைந்தால் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கெடாது. தூளின் உருவம் தாவர வகைக்கு வகை மாறும். கழிமுகச் சேற்றைக் குழாயால் குத்தி எடுத்து, அடுக்கடுக்காக உருப்பெருக்கியில் பார்த்தால் எந்தக் காலத்தில் அங்கே என்ன மரம் நின்றது என்று படிக்கலாம். தலபுராணம் 'இது தில்லைவனம்' என்று சொல்வதைச் சேறும் தன் மொழியில் சொல்லும். இந்தத் துறையில் உலக அளவில் பேர் பெற்ற தமிழர் கணபதி தணிகைமணி, அந்த நிறுவனத்தில் பணியாற்றியவர். அலையாத்தி மரங்களின் மகரந்தம் பற்றி அவர் எழுதிய நூல் 1987இல் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. 1986 செப்டம்பரில் கராச்சியில் கடத்தப்பட்ட விமானத்தில் கொல்லப்பட்டார். கடலூரிலும் புதுச்சேரியிலும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரிய வேண்டும் என்று எனக்கு ஆசை.

தல மரத்துக்கு இன்று என்ன குறை? பக்தியில் குறை இல்லை. மஞ்சள் பூசுகிறார்கள், குங்குமம் வைக்கிறார்கள், தொட்டில் கட்டுகிறார்கள். பக்கத்து ஊர்க் கோயில் ஒன்றில் திருப்பணியின்போது தல மரத்தின் அடிவரைக்கும் கிரானைட் பதித்துவிட்டார்கள். பார்க்கச் சுத்தமாக இருந்தது. ஐந்தாறு வருடத்தில் நுனிக் கிளைகள் காயத் தொடங்கின. வேருக்குத் தண்ணீர் மட்டுமல்ல, காற்றும் வேண்டும். தண்ணீரை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் அடிமரத்தில் இல்லை, கிளை பரவும் எல்லைவரை மேல்மண்ணில் இருக்கின்றன. அந்த அளவு மண்ணைத் திறந்து வைக்க வேண்டும். விளக்கை அடிமரத்தில் சாத்தி வைத்தால் பட்டை வெந்து போகும், அதற்கு உள்ளேதான் இலை செய்த உணவு கீழே இறங்கும் வழி இருக்கிறது. இரண்டடி தள்ளி வைத்தால் சாமி கோபிக்காது.

ஒரே ஒரு மரம் போதும் என்ற எண்ணமும் மாற வேண்டும். தில்லையில் ஆணும் பெண்ணும் வேறு வேறு என்று பார்த்தோம். ஒற்றைத் தில்லை எத்தனை ஆண்டு நின்றாலும் அதற்கு அடுத்த தலைமுறை இல்லை. பிற மரங்கள் பலவற்றிலும் வேறொரு மரத்தின் மகரந்தம் கிடைத்தால்தான் வலுவான விதை வரும். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது ஒரே காலைக்குள் எத்தனை மரங்கள் சாய்ந்தன என்று பார்த்தவர்கள் நாம். கோயிலில் ஒன்று நிற்கட்டும். பள்ளியில் நான்கு, குளக்கரையில் பத்து என்று அதன் பிள்ளைகளும் நிற்கட்டும். கிழக்கே கழியோரத்துக்குத் தில்லை, மேற்கே காய்ந்த மண்ணுக்கு வன்னி என்று இடமறிந்து நட்டால் போதும்.

பார்க்கப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பிச்சாவரத்தில் படகுக்காரரிடம் தில்லையைக் காட்டச் சொல்லுங்கள், நேரில் காட்டுவார். தொட வேண்டாம், இலை சிவந்திருக்கிறதா, பூங்கதிர் தெரிகிறதா, காய் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். விருத்தாசலத்தில் வன்னி இலையைச் சீமைக் கருவேல இலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திருப்பாதிரிப்புலியூருக்கு வெயில் காலத்தில் போக வேண்டும், அதுவும் விடியற்காலையில், பெருக்குவதற்கு முன். பாதிரி எது என்று கோயிலில் கேட்டால் சொல்வார்கள். அண்ணாந்து பார்ப்பதற்கு முன் தரையைப் பாருங்கள். உதிர்ந்த பூ ஒன்று கிடைத்தால் எடுத்து, பிள்ளைகள் யாராவது கூட வந்திருந்தால் அவர்கள் கையில் கொடுத்து, இதழின் மேல் விரலை வைத்து மெல்லத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த மயிர் விரலில் படும்.